வீட்டு அங்கத்தவர்

நூறு மீற்றரைப் பத்தரைச் செக்கனுக்குள் ஓடுகிறவன் தன் வீட்டுப் பேஸ்மென்ற்றில் குடியிருக்கிறான் என்பதைப் பாலேஸ்வரி பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பத்தரைக்கும் பதினொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஒசாஸ் நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த பொடியன். குளித்த இடத்தை வழித்துத் துடைத்துவிடுகிறவன். யாரும் சொல்லாமலே வாசல் பனியைத் தள்ளுகிறவன். அவள் வைத்த நண்டுக் கறியைக் கண் கலங்காமல் தின்று முடித்து, இன்னும் கொஞ்சம் உறைப்புப் போட்டிருக்கலாம் அன்ரி என்று சொன்ன ஒரே வெளியாள்.

பெனின் நகரில் அவனுடைய தாய் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதுவினைஞர். தகப்பன் பழைய லொறிகளுக்கு உதிரிப்பாகம் விற்கிறவர். இரண்டாயிரத்து ஏழு செப்ரெம்பரில் ரொறன்ரோவிலுள்ள ஒரு கல்லூரிக்குக் குளிரூட்டி இயந்திரம் பழுதுபார்க்கப் படிக்க வந்தான். படிப்பு சாட்டுக்கு. ஓடத்தான் வந்தான். முதற் பனிக்காலம் அவனை அடித்துப் போட்டது. உள்ளரங்கப் போட்டியில் அறுபது மீற்றர் ஓடிக் கடைசியாக வந்தான். அடுத்த வருடம் அதே அரங்கில் முதலாவதாக வந்தான். இடையில் என்ன நடந்தது என்று பாலேஸ்வரி குசினி யன்னலால் பார்த்திருக்கிறாள். பாண் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து அவள் வரும்போது அவன் ஓடிவிட்டு வந்திருப்பான். பின்வளவுப் பனியை வாளியில் அள்ளி, அதற்குள் இரண்டு காலையும் முழங்கால்வரை விட்டுக்கொண்டு, கதிரையில் இருந்து பாடப்புத்தகம் படித்துக்கொண்டிருப்பான்.

“அம்மா, ஹி இஸ் கிறேஸி,” என்பாள் மகள் மயூரி.

“விசரில்லை. காலுக்கு வைத்தியம் செய்யிறான்,” என்பாள் பாலேஸ்வரி.

இரண்டாயிரத்து ஒன்பதின் வசந்தத்தில் வீட்டுத் தொலைக்காட்சி அணைவதேயில்லை. பாலேஸ்வரியின் தங்கை குடும்பத்தோடு வன்னியில் இருந்தாள். மார்ச்சோடு அவளுடைய அழைப்பு நின்றது. கணவர் பொன்னம்பலம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் நகரத்துக்குப் போய், அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் முன்னால் பதாகை பிடித்துக்கொண்டு நின்றார். ஒருநாள் ஒசாஸையும் கூட்டிக்கொண்டு போனார்.

“அவன் என்னத்துக்கு?” என்று கேட்டாள் பாலேஸ்வரி.

“ஒரு காப்பிலி, கறுப்பன் ஒருத்தன், பக்கத்தில நிண்டா கமெராக்காரன் வருவான்.”

கமெராக்காரன் வரவில்லை. ஒசாஸ் நாலு மணித்தியாலம் மழையில் நின்றுவிட்டு வந்து, சப்பாத்தை வாசலில் கழற்றி, உள்ளே கடதாசி திணித்துக் காயவைத்தான். தன் தகப்பன் சின்ன வயதில் ஒரு போரின் முடிவைப் பார்த்தவர் என்று பாலேஸ்வரியிடம் சொன்னான். “முடிந்த பிறகுதான் ஆட்களைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வார்.” அவளுடைய ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். அவன் மெதுவாகப் பேசினால் எல்லாம் விளங்கும். இது விளங்கியும் பிடிபடவில்லை.

மே மாதம் பதினெட்டாம் திகதி எல்லாம் முடிந்தது. தங்கை முகாமொன்றில் உயிரோடு இருக்கிறாள் என்று ஜூன் நடுவில் ஒரு பாதிரியார் மூலம் செய்தி வந்தது. அவளுடைய புருஷனைப் பற்றி அந்தச் செய்தியில் ஒன்றும் இல்லை.

அந்த ஜூன் மாதத்தில்தான் ஒசாஸ் பஃபலோவில் ஒரு போட்டிக்குப் போய்ப் பத்து தசம் நாலு ஒன்றில் ஓடினான். ஒகையோவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் வேலியருகில் நின்று பார்த்தார். செப்ரெம்பரிலிருந்து இடம், படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், எல்லாம் அவர்களுடைய பொறுப்பு. ஒரேயொரு நிபந்தனை. ஓடியதற்காக அவன் இதுவரை எதுவும் வாங்கியிருக்கக் கூடாது. பதக்கம், கோப்பை குற்றமில்லை. விற்கக்கூடிய பொருளாக எதையும் தொட்டிருக்கக் கூடாது.

“அமெரிக்காவில் நாலு வருடம் ஓடினால், அதற்குப் பிறகு ஊரில் என்னைத் தேடி வருவார்கள், அன்ரி,” என்றான். அதற்குமேல் அவன் ஆசையைப் பற்றிப் பேசியதில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்தில் பொன்னம்பலம் விளையாட்டுச் செயலாளர். ஒவ்வொரு ஜூலையும் ஸ்காபரோவில் ஐந்தாறு பள்ளிக்கூடங்களின் சங்கங்கள் கூடி ஓடிப் பாய்ந்து, ஒரு சுழற்கேடயத்துக்கு அடிபடும். மூன்று வருடமாக அது பக்கத்து ஊர்ச் சங்கத்திடம் இருந்தது. அந்த வருடம் விழா வைப்பதா விடுவதா என்று மூன்று கூட்டம் நடந்தது. சனம் செத்துக் கிடக்க ஓட்டமென்ன பாய்ச்சலென்ன என்று சிலர் கேட்டார்கள். நாலாவது கூட்டத்தில் வழி பிறந்தது. ‘நினைவு விளையாட்டு விழா’ என்று பெயரை மாற்றினார்கள். பாட்டு இல்லை, கறுப்புப் பட்டி உண்டு. கேடயம் வழமைபோல.

பொன்னம்பலம் ஒரு படிவத்தோடு குசினிக்கு வந்தார்.

“இஞ்சேர், இதில ஒரு கையெழுத்து வையும்.”

பழைய மாணவர், அவர்களுடைய பிள்ளைகள், ‘வீட்டு அங்கத்தவர்’ ஆகியோர் ஓடலாம் என்று சங்க யாப்பு விதியில் இருந்தது. மருமக்களுக்காகச் சேர்த்த சொல். செயற்குழுவில் இருப்பவர் தன் வீட்டாருக்குத் தானே கையெழுத்து வைக்கக்கூடாது. ஆகவே மனைவி வைக்கவேண்டும். பெயர் எழுதும் இடத்தில் ‘பொன்னம்பலம் ஒசாஸ்’ என்று எழுதியிருந்தது.

“உங்கட பேரை ஏன் அவனுக்கு முன்னால போட்டனீங்கள்?”

“வீட்டு அங்கத்தவர் எண்டா வீட்டுக்காரன்ர பேர் வரத்தானே வேணும்.”

“சிரிக்கப் போகினம்.”

“சிரிக்கட்டும். பின்னால ஓடிக்கொண்டு சிரிக்கட்டும்.”

பாலேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. அந்த வருடம் சிரிப்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. கையெழுத்து வைத்தாள்.

ஒசாஸ் ஒன்றை மட்டும் கேட்டான். “பரிசு எதுவும் தரமாட்டார்கள்தானே, அன்ரி? கோப்பை என்றால் பரவாயில்லை.” அவள் கணவரிடம் கேட்டாள். “ஓம் ஓம், கோப்பைதான்,” என்றார் அவர், வேறு யாருடனோ தொலைபேசியில் கதைத்தபடி.

மைதானத்தில் வெயில் எரித்தது. எரித்த எண்ணெயில் பொரித்த றோல்ஸின் மணம் புல்லில் படிந்து கிடந்தது. செத்தவர்களுக்காக இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். இரண்டாவது நிமிடத்தில் ஒருவர் கைத்தொலைபேசியைக் காதில் வைத்து, பற்றீஸ் முடிந்துபோச்சு, இன்னும் நூறு கொண்டுவா என்று தாழ்ந்த குரலில் சொன்னது பாலேஸ்வரிக்குக் கேட்டது. ஒசாஸ் தொடக்கக் கோட்டுக்கு வந்தபோது பின்வரிசையில், “உந்தக் காப்பிலியை எங்கையிருந்து பிடிச்சவங்கள்?” என்றான் ஒருவன். “பொன்னம்பலத்தாற்ற மருமோனாம்,” என்றான் மற்றவன். மயூரி எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தாள்.

வெடி கேட்டது. அவன் ஓடுவதைப் பாலேஸ்வரி பார்ப்பது அதுதான் முதல் தடவை. பனி வாளிக்குள் காலை விட்டுக்கொண்டிருந்த ஆள் அல்ல இது. தலை அசையவில்லை. முகத்தில் அவசரம் இல்லை. மற்றவர்கள் தரையை உதைத்து ஓடினார்கள். தரை இவனைத் தூக்கித் தூக்கி அடுத்த இடத்தில் வைத்தது. அறுபது மீற்றரோடு அவன் வேகத்தைக் குறைத்தான். அப்படியும் எட்டு மீற்றர் முந்தி வந்தான். பிறகு அஞ்சலோட்டத்திலும் கடைசி ஆளாக ஓடி, விட்டதைப் பிடித்தான். கேடயம் வந்துவிட்டது. பின்வரிசைக்காரன் தொண்டை கிழியக் கத்தினான், “எங்கட பொடியன், எங்கட பொடியன்.”

மேடையில் சங்கத் தலைவர் அமிர்தநாதர் ஒலிவாங்கியைப் பிடித்தார். மார்க்கம் வீதியில் நகைக்கடை வைத்திருக்கிறவர். அவருடைய தங்கை மக்டலீன், மே மாதம் பதின்மூன்றாம் திகதி, பதுங்குகுழி வாசலில் ஷெல் விழுந்து இரண்டு பிள்ளைகளோடு செத்துப்போனவள். அதை அவர் சொன்னபோது குரல் உடைந்தது. கூட்டத்தில் அழுகை கிளம்பியது. பாலேஸ்வரியும் அழுதாள். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்தார். நூறு மீற்றர் வீரனுக்குத் தங்கையின் நினைவாக ஒன்றரைப் பவுணில் சங்கிலி.

ஒசாஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். நன்றி, எனக்கு வேண்டாம் ஐயா என்று சொன்னான். கூட்டத்துக்கு அது கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அமிர்தநாதரின் கை அந்தரத்தில் நின்றது. செத்தவளின் பெயரில் கொடுத்ததை ஒருவன் வேண்டாமென்று சொல்லி அங்கே யாரும் பார்த்ததில்லை. பொன்னம்பலம் திரும்பி மனைவியைப் பார்த்தார். பாலேஸ்வரி எழுந்து மேடையடிக்குப் போனாள்.

“குனி ராசா,” என்றாள் தமிழில். பிறகு தன் ஆங்கிலத்தில் சொன்னாள். “இது செத்த ஆட்களுக்காக. வேண்டாம் என்று சொல்லக்கூடாது. பாவம்.”

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அது நனைந்திருந்தது. குனிந்தான். படம் பிடித்தார்கள்.

அன்று பின்னேரமே சங்கிலியைக் கழற்றி அவள் கையில் தந்துவிட்டான். திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அன்ரி என்றான். ஒரு கிழமையில் ஒகையோவிலிருந்து படிவம் வந்தது. ஏதாவது பரிசு பெற்றதுண்டா என்று அதில் ஒரு கேள்வி. உள்ளதை உள்ளபடி எழுதினான். பொய் சொல்லியிருக்கலாமே என்று மயூரி கேட்டதற்கு, படம் பத்திரிகையில் இருக்கிறதே என்று சிரித்தான். பல்கலைக்கழகம் பெருந்தன்மையாகத்தான் பதில் எழுதியது. அவன் விருந்தினராக ஓடினான், பரிசைப் பற்றி முன்னமே அறியமாட்டான், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று விழா நடத்தியவர்கள் ஒரு கடிதம் தந்தால் போதும். ஓகஸ்ற் பதினைந்துக்குள் வரவேண்டும்.

பாலேஸ்வரி சங்கிலியையும் கொண்டு நகைக்கடைக்குப் போனாள். அமிர்தநாதர் அவளை இருக்கச் சொல்லி, கடைப் பொடியனை விட்டு ஒரு சோடா எடுப்பித்தார்.

“அண்ணை, ஒரு கடிதம். மூண்டு வரி. அவ்வளவுதான்.”

“தங்கச்சி, நீங்கள் யோசிக்கிறது விளங்குது. ஆனா விருந்தினர் எண்டு நாங்கள் எழுதினா என்ன நடக்கும்? விருந்தினர் ஓடேலாது. அவன் எடுத்த புள்ளியெல்லாம் போகும். ஷீல்ட் போகும். பக்கத்து ஊர்க்காரங்கள் ஏற்கெனவே ஒப்ஜெக்ஷன் போட்டிருக்கிறாங்கள்.”

“ஷீல்டைக் குடுங்கோவன்.”

அவர் அவளைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“சரி. இதையாவது திருப்பி எடுங்கோ. எடுத்ததெண்டு ஒரு துண்டு தாங்கோ.”

“செத்த பிள்ளையின்ர பேரில குடுத்ததை என்னைத் திருப்பி எடுக்கச் சொல்லுறியளோ?” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “உங்களுக்கும் அங்கை சகோதரம் இருக்கு. நீங்களே இப்பிடிக் கேக்கலாமோ?”

துடைத்த கண்ணில் ஒன்றும் இல்லை. துணியில் ஈரம் இல்லை. சங்கிலியைத் திரும்பவும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சோடாவைக் குடிக்காமல் எழும்பினாள்.

வீட்டில் பொன்னம்பலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கணவரின் வாய் அசைவதை அவள் நின்று பார்த்தாள்.

“விளையாட்டுச் செயலாளர் நீங்கள். நீங்கள் கையெழுத்து வைச்சாலும் காணும்.”

“யோசிப்பம்.”

“பதினைஞ்சாம் திகதிக்குப் பிறகோ யோசிக்கப் போறியள்?”

“எழுதுறன் எண்டுறன்தானே. சாப்பிட விடும்.”

அவர் எழுதினார். பதின்மூன்றாம் திகதி, தலைவரோடு இருந்து எழுதி, சங்க முத்திரை குத்தி, நேரடியாக ஒகையோவுக்கு ஃபக்ஸ் அனுப்பிவிட்டதாக வந்து சொன்னார். பாலேஸ்வரி அன்று அவருக்கு மீன் பொரித்துக் கொடுத்தாள். ஒசாஸ் கேள்விப்பட்டு மேலே வந்து, பொன்னம்பலத்தின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குனிந்து நன்றி சொன்னான். அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டதை அவள் கண்டாள். கூச்சம் என்று நினைத்தாள்.

பத்து நாள் கழித்து ஒசாஸ் இரண்டு தாள்களோடு மேலே வந்தான். ஒன்று பல்கலைக்கழகத்தின் பதில். வருந்துகிறோம் என்று தொடங்கியது. மற்றது அவர்களுக்குக் கிடைத்த சங்கக் கடிதத்தின் பிரதி. “எனக்கு இது விளங்கவில்லை, அன்ரி,” என்றான். மயூரி வாங்கி வாசித்து, தாய்க்குத் தமிழில் சொன்னாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் தணிந்துகொண்டு போனது.

“திரு. பொன்னம்பலம் ஒசாஸ் எங்கட சங்கத்தின்ர வீட்டு அங்கத்தவர். ஜனவரியில இருந்து மெம்பர். ரூல்ஸும் பரிசும் தெரிஞ்சு, தன்ர விருப்பத்திலதான் ஓடினவர். தங்கச் சங்கிலியை மேடையில வைச்சு வாங்கினவர். சங்கம் அதைத் திருப்பி எடுக்கேல்லை.” நிறுத்தினாள். “கீழ அப்பான்ர சைன், அம்மா. பக்கத்தில உங்கட ஃபோமின்ர கொப்பியும் வைச்சிருக்கினம். உங்கட கையெழுத்தோட.”

பொன்னம்பலம் வேலையால் வரும்வரை பாலேஸ்வரி கதிரையை விட்டு எழும்பவில்லை. அவர் சப்பாத்துக் கழற்றும்போதே தாளை நீட்டினாள். அவர் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவை இருக்கவில்லை.

“இதில ஒரு பொய்யும் இல்லை,” என்றார்.

“ஜனவரி?”

“அது பதிவுக்காக.”

“அவனை முடிச்சுப்போட்டியள்.”

“அவன் இளந்தாரி. வேற இடம் கிடைக்கும். ஷீல்ட் மூண்டு வருசத்துக்குப் பிறகு வந்திருக்கு. சனம் நொந்துபோயிருக்கிற நேரம், அதுகளுக்கும் ஒண்டு வேணும்தானே.”

“ரெண்டு மாசமா றோட்டில நிண்டு என்ன கத்தினனீங்கள்? உலகம் வாய் திறக்குதில்லையெண்டு. அவன் உங்களிட்டக் கேட்டது மூண்டு வரி.”

“உது வேற, இது வேற.”

“எனக்கு உங்களைப் பாக்க ஓங்காளிக்குது,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உடம்பில் உள்ளதைச் சொன்னாள். உண்மையாகவே குமட்டியது. கழுவுதொட்டியடிக்குப் போய் நின்றாள். அங்கே நிற்கும்போது, அந்தக் கடிதத்தோடு போன இரண்டு கையெழுத்தில் ஒன்று தன்னுடையது என்பதும், குனி ராசா என்று சொன்ன வாய் தன்னுடையது என்பதும் நினைவுக்கு வந்தன. தண்ணீரைத் திறந்துவிட்டு வாயைக் கொப்பளித்தாள். போகவில்லை.

ஓகஸ்ற் முடிவில் ஒசாஸ் வெளிக்கிட்டான். கல்லூரி அனுமதி அந்த வருடத்தோடு முடிந்திருந்தது. பிறம்ரனில் ஒரு நண்பன் தன்னோடு தங்கச் சொல்லியிருந்தான். அங்கே களஞ்சியமொன்றில் லொறிக்குப் பெட்டி ஏற்றுகிற வேலை. இரண்டு பைகளையும் வாசலில் வைத்துவிட்டு, படியில் இருந்து சப்பாத்துக் கட்டினான்.

“ஒன்று கேட்கட்டுமா, அன்ரி? அந்தப் பெண். மக்டலீன். அவர் உண்மையில் செத்தாரா?”

“ஓம்,” என்றாள். “உண்மை. ரெண்டு பிள்ளையளும்.”

அவன் தலையாட்டினான். அவள் தன்னை நம்பச் சொல்லி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவனை ஏற்ற நண்பனின் கார் வந்துவிட்டது. அவளுடைய தோளை ஒருமுறை அணைத்துவிட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு போனான். அவனிடம் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த மாரி முழுவதும் கேடயம் சங்கப் பொருளாளர் வீட்டில் இருந்தது. ஒருமுறை ஒரு பிறந்தநாளுக்கு அங்கே போக நேர்ந்தபோது, பாலேஸ்வரி காரைவிட்டு இறங்கவில்லை. ஒசாஸ் இரண்டு தரம் தொலைபேசி எடுத்தான். ஓடுகிறாயா என்று கேட்டாள். இரவு வேலை, பகலில் நித்திரை, கால் பாரமாக இருக்கிறது என்றான். பத்து தசம் நாலு ஒன்று என்பதை அவள் இப்போது பாடமாக்கி வைத்திருந்தாள். அதுதான் அவனுடைய கடைசி நேரம். அதற்குப் பிறகு யாரும் அவன் ஓட்டத்தை அளக்கவில்லை.

அடுத்த வருடம் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை அமிர்தநாதர் தொலைபேசி எடுத்தார். பாலேஸ்வரிதான் எடுத்தாள்.

“தங்கச்சி, எப்பிடிச் சுகம்? உங்கட தங்கச்சியாக்கள் முகாமால வெளியில வந்திட்டினமோ?”

“வந்திட்டினம்.”

“கடவுளே. நல்லது, நல்லது.” சிறிது இருமினார். “எங்கட அந்தப் பொடியன் இப்ப எங்கை? பக்கத்து ஊர்க்காரங்கள் இந்தமுறை யமேக்காக்காரன் ஒருத்தனை இறக்கப் போறாங்களாம். எங்கட பொடியன் வந்தா நல்லம். இப்ப அவனுக்கு உந்தக் கொலிஜ் கரைச்சல், தடை ஒண்டும் இல்லைத்தானே.”

பாலேஸ்வரி தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, அது தன் கையில் இருக்கிற விதத்தைப் பார்த்தாள். பொன்னம்பலம் எட்டி அதை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டார். “ஓம் அண்ணை,” என்றார். “ஓம், அதுதானே. இப்ப தடையில்லைத்தான். கேட்டுப் பாக்கிறன்.” தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

“இஞ்சேர், அவன்ர நம்பர் உம்மட்ட இருக்கெல்லோ?”

“இருக்கு,” என்றாள்.

அவர் பேனையை எடுத்து, பத்திரிகையின் ஓரத்தில் எழுதத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் இலக்கத்தைச் சொல்லாமல் அவருடைய முகத்தைப் பார்த்தாள். சொல்லுவாள் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் அப்படியே இருந்தது. கடிதத்தைப் பற்றிய நினைவு அந்த முகத்தில் எங்கேயும் இல்லை. அவள் தேடிப் பார்த்தாள்.